குளமும் காணிக்காரரும்



மாத்தளை என்றவுடன் மிளகும் கொக்கோவும் விளையும் தோட்டங்களும் முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அம்மாவட்டத்தின் வடபாகம் வேறோர் உலகமாகும். நாலந்தையைக் கடந்து தம்புள்ளை, கலேவெல ஆகிய ஊர்களை நோக்கி இறங்குவோர் மலைநாட்டை விட்டு வரண்ட வலயத்துள் புகுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்த நம்மவர் தம்புள்ளை வழியாகவே மாத்தளையை அடைந்தனர். அவ்வழியிலுள்ள கிராமங்களுக்கு உயிர்நிலையாய் இருப்பவை சிறு குளங்களே. அக்குளங்களையும் அவற்றைச் சூழ்ந்த ஈரநிலத்தையும் திருத்தும் செலவை யார் ஏற்பது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

குளம் என்பது நீரும் கட்டும் மாத்திரம் அன்று. நீர் வந்து சேரும் மேற்புறத்திலே காற்றைத் தடுத்து நீர் வற்றாமற் காக்கும் மரச்செறிவு உண்டு. சிங்கள மக்கள் அதனைக் கஸ்கொம்மன என்பர். அதனருகே வண்டலை வடிகட்டும் புற்றரை உண்டு, அது பெரஹன. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே எப்போதும் ஈரம் கசியும் சதுப்புத் துண்டு ஒன்று உண்டு, அது கட்டகடுவ. வயலிலே உப்புப் படியாமற் காப்பது அதுவே. ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்திற்குச் செல்லும் இத்தொடரமைப்பை உலக உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டிலே உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

பண்டைக் காலத்தில் வயல் தனியார் உடைமையாகவும் குளம் ஊர்ப் பொதுவாகவும் இருந்தன. காணியுடையோர் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கேற்பக் கட்டைத் திருத்தினர். மழை பொய்த்த காலத்திலே குளத்தை அடுத்த வயலை மட்டும் விதைத்து, அதனை எல்லாக் காணிக்காரருக்கும் பங்கிட்டனர். இவ்வழக்கம் பெத்ம எனப்படும். ஒருவருடைய நிலம் தரிசாகக் கிடந்தால் அவருடைய இழப்பை ஊரே சுமந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. தமிழகத்திலும் ஏரியைப் பேணும் செலவுக்கென ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கப்பட்டது; உத்திரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் கூறுகின்றன.

இவ்வொழுங்கு ஆங்கிலர் ஆட்சியிலே குலைந்தது. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதர் விடுதலைக்கு அது நன்மையே. ஆயினும் குளக்கட்டைத் திருத்த ஊரை ஒன்றுகூட்டும் அதிகாரமும் அதனுடன் தளர்ந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதியின்றிக் கிடந்த காட்டையும் தரிசையும் அரசுக்குரியனவாகக் கொண்டது. ஊர் காத்துவந்த குளத்துக் காடு அவ்வாறு ஊரின் கையை விட்டு நழுவலாயிற்று. பல குளங்கள் உடைந்தன.

இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றை இயற்றி, பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தார். 1872 முதல் 1877 வரை ஆண்ட தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்திலே, மாத்தளைக்கு வடக்கே அடுத்துள்ள நுவரகலாவியாவில் ஒரு சிறந்த முறை கையாளப்பட்டது. ஊரவர் தம் உழைப்பால் மண்வேலையை முடிப்பின், அரசு மதகை இலவசமாக அமைத்துக் கொடுக்கும். உழைப்பு ஒரு பாதி, உதவி ஒரு பாதி. தம் கையால் எழுப்பிய கட்டைக் காணிக்காரர் தம்முடையதாகவே கருதிக் காப்பர் என்பது அதன் அடிப்படை.

பின்வந்த நூற்றாண்டிலே அரசின் பெரும்பணம் பெருந்திட்டங்களுக்குச் சென்றது. 1976ஆம் ஆண்டில் மகாவலி நீர் பொல்கொல்லையிலிருந்து திருப்பப்பட்டுப் பொவத்தென்னை வழியாகப் பெருங்குளங்களை அடைந்தது. மழையொன்றையே நம்பிய சிறு குளங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவற்றைத் திருத்தியபோதும் கட்டுக்கும் மதகுக்குமே பணம் ஒதுக்குவது வழக்கமாயிற்று. சதுப்புத் துண்டும் மரச்செறிவும் கணக்கில் வரவில்லை. ஆதலின் அவை சிறிது சிறிதாகப் பயிர்நிலமாயின.

இதனைப் பேராசை என்று இகழ்தல் எளிது. ஆனால் இரண்டு ஏக்கரில் வாழும் குடும்பத்திடம், ஊர் நன்மைக்காகக் கால் ஏக்கரை ஈரமாக விட்டுவிடு என்று கேட்போர், அந்த நெல்லுக்கு ஈடு யாது என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டும். அமெரிக்க அரசு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தகைய விடை ஒன்றைக் கூறியது. வடித்துப் பயிரிட்ட சதுப்பை மீண்டும் ஈரநிலமாக்கி நிலையாக விட்டுக்கொடுக்கும் உழவருக்கு நிலத்தின் பயிர்ப்பெறுமதியையும் திருத்தும் செலவையும் அது வழங்கியது. காணி உழவரிடமே இருந்தது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததும் அதே 1990ஆம் ஆண்டிலேதான். அவ்வுடன்படிக்கை மனிதர் வெட்டிய குளத்தையும் ஈரநிலமென்றே கொள்கின்றது.

அமெரிக்கச் செல்வம் நமக்கில்லை. ஆனால் பெத்ம என்னும் நீதி நம்மிடம் முன்பே உண்டு. கிரகரி காலத்து அரசு மதகைக் கொடுத்து மண்வேலையைக் கேட்டது. இன்றைய அரசு, சதுப்புக்காக நிலம் விடும் காணிக்காரருக்கு அந்நிலத்தின் விளைவுக்கு ஈடு கொடுத்து, மரம் நட்டுக் காக்கும் பொறுப்பை அவரிடம் கேட்பதே அம்முறையின் தொடர்ச்சியாகும். ஒருவர் விட்ட நிலத்தால் ஊர் முழுவதும் நெல் பெறுமாயின், அவருக்கு ஈடு செய்தல் கடனேயன்றித் தருமம் அன்று.