அக்காவின் மாத்திரையும் டெட்ராய்ட் செல்களும்

போன வாரம் பீரோவை ஒழித்தபோது அக்காவின் பழைய மெடிக்கல் ஃபைல் கையில் கிடைத்தது. 2006-ல் எங்கள் வீட்டில் தங்கித்தான் அவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் 'ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார்: பாசிட்டிவ்' என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது.

"பாசிட்டிவ்னு போட்டிருக்கேடா, அப்ப முத்திப்போச்சா?"

"பயப்படாதீங்கம்மா, இது நல்ல செய்தி. இதுக்கு மாத்திரை இருக்கு" என்றார் டாக்டர். தினம் ஒரு டாமோக்சிஃபென் மாத்திரை, ஐந்து வருடத்துக்கு. அது எப்படி நல்ல செய்தி என்று அன்று எங்கள் இருவருக்குமே புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே ஜீன் தொகுப்புதான். ஓர் ஆபீசில் எல்லா செக்‌ஷனிலும் ஒரே விதிப் புத்தகம் இருக்கும். ஆனால் எந்த செக்‌ஷன் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறது என்பதில்தான் வேலை வேறுபடும். அதுபோல, ஒரு செல்லில் எந்த ஜீன் படிக்கப்படுகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதுதான் அந்தச் செல்லின் குணம். இதையே ஜீன் வெளிப்பாடு என்கிறார்கள்.

1950-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளம் இட்ட ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு சோதனை செய்தார். கர்ப்பப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொண்டன. அவற்றில் ஹார்மோனைப் பிடிக்கும் ஒரு புரதம் இருக்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. ரிப்போர்ட்டில் இருந்த 'ரிசெப்டார்' அதுதான். பல மார்பகப் புற்றுக்கட்டிகளிலும் அது உண்டு. ஆனால் மனித மார்பகப் புற்றுச் செல்களை ஆய்வகத்தில் நீண்ட காலம் வளர்ப்பது அப்போது மிகக் கடினம். பெரும்பாலும் சில வாரங்களில் செத்துவிடும்.

1970-ல் டெட்ராய்ட் நகரில் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனில் ஹெர்பர்ட் சூல் என்ற ஆய்வாளர் இந்த முயற்சியில் இருந்தார். மார்பகப் புற்றுநோய் முற்றி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்த 69 வயதுக் கன்னியாஸ்திரி ஒருவரிடமிருந்து எடுத்த நீரில் இருந்த செல்களை வளர்த்தார். அவை சாகவில்லை, பெருகிக்கொண்டே போயின. ஃபவுண்டேஷன் பெயரின் முதல் எழுத்துகளோடு, முயற்சியின் எண்ணான ஏழையும் சேர்த்து எம்.சி.எஃப்-7 என்று பெயர் வைத்தார்கள். 1973-ல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் இருப்பதும் அதே ஆண்டு தெரிந்தது.

இதனால் என்ன பயன் என்றால், நோயாளியின் உடம்பில் செய்ய முடியாத சோதனையைக் கண்ணாடித் தட்டில் செய்யலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மார்க் லிப்மேன் 1975-ல் அதைத்தான் செய்தார். இந்தச் செல்களுக்கு டாமோக்சிஃபென் கொடுத்தபோது வளர்ச்சி தடைப்பட்டது. ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்தபோது மறுபடி வளர்ந்தன. மாத்திரை கண்ணை மூடிக்கொண்டு செல்லைக் கொல்லவில்லை, ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது என்பது இதில் தெளிவானது.

அடுத்த கட்டம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில். பியர் ஷாம்போன் குழுவினர் 1982-ல், ஈஸ்ட்ரோஜன் பட்டதும் இதே செல்களில் விழித்துக்கொள்ளும் பி.எஸ்.2 என்ற ஜீனைப் பிடித்தார்கள். 1986-ல் ரிசெப்டாருக்கான ஜீனின் எழுத்து வரிசையே படிக்கப்பட்டது. அதற்கும் மூலப்பொருள் எம்.சி.எஃப்-7 தான்.

எல்லாம் நேர்கோட்டில் போய்விடவில்லை. செல்களை வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சிவப்புச் சாயம் சேர்ப்பது வழக்கம். அமிலத்தன்மை மாறினால் நிறம் காட்டிக் கொடுக்கும். அந்தச் சாயமே இந்தச் செல்களில் லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்று 1986-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் இல்லாத தட்டு என்று நம்பிய இடத்திலெல்லாம் பல வருடங்களாகச் சாயம் கள்ளத்தனமாக அந்த வேலையைப் பார்த்திருக்கிறது!

இதைவிடப் பெரிய ஏமாற்றம் எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற இன்னொரு செல் வகையில் நேர்ந்தது. 1976-ல் ஹூஸ்டனில் 31 வயது மார்பகப் புற்று நோயாளியிடமிருந்து எடுத்தது என்று பதிவு. மார்பகப் புற்று எப்படிப் பரவுகிறது என்று ஆராய அதை உலகமெங்கும் பயன்படுத்தினார்கள். 2000-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 60 வகைப் புற்றுச் செல்களில் சுமார் 8,000 ஜீன்களின் வெளிப்பாட்டை ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்டார்கள். 435 மார்பகச் செல்களோடு சேரவில்லை. மெலனோமா என்னும் தோல் புற்றுச் செல்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னர் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, எம்14 என்ற மெலனோமா செல்லும் அதுவும் ஒன்றே என்று தெரிந்தது. எப்போதோ ஆய்வகத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டது. புட்டியின் மேல் ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே ஜீன்கள் சொன்னது வேறு.

அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஒரு வரியும் இப்படிச் செல்லையே கேட்டு எழுதியதுதான். 'மார்பகப் புற்று' என்ற பெயர் எல்லோருக்கும் பொது. அந்த ரிசெப்டார் இருப்பவர்களுக்கு ஐந்து வருட டாமோக்சிஃபென் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. இல்லாதவர்களுக்குப் பலன் இல்லை.

இரண்டாவது வருடம் அக்கா மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். "உடம்பெல்லாம் தகிக்குதுடா, வேர்த்துக் கொட்டுது. கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்றார். "டாக்டர் சொன்னா சாப்பிடுங்கக்கா" என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது. நல்லவேளை, ஐந்து வருடமும் முடித்தார். இப்போது அவருக்கு வயது 79.

நேற்று போனில் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த சிஸ்டர் பொழைச்சாங்களா?" என்றார்.

"இல்லக்கா. அந்த 1970-லேயே போயிட்டாங்க."

"இந்த மாத்திரை குடுக்கலியா அவங்களுக்கு?"

அமெரிக்காவில் டாமோக்சிஃபெனுக்கு அனுமதி கிடைத்தது 1977 டிசம்பரில். அதைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்காக ஒரு விளக்கு ஏத்தறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.