கூலி: கடல் கடந்த ஒரு சொல்

துறைமுகத்திலே சுமை தூக்குபவர். தோட்டத்திலே ஒப்பந்தத் தொழிலாளி. தென்னாப்பிரிக்காவிலோ இந்தியரை இழிக்கும் வசை. 'கூலி' என்னும் சொல் ஆங்கிலத்தில் பெற்ற பொருள்கள் இவை. இதன் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. மேற்குக் கரையின் கோளி மக்களுடைய பெயரே இது என்பர் ஒரு சாரார். ஊதியத்தைச் சுட்டும் தமிழ்ச் சொல்லே மூலம் என்பர் மறுசாரார். தாணே கடற்கழியின் கரையிலுள்ள ஐரோலியில், திவா கோளிவாடாவின் மீனவரும் குடியேறிய தமிழரும், இச்சொல்லுக்கு உரியோராகச் சொல்லப்படும் அவ்விரு சாராரும், அண்டை அயலாராய் வாழ்கின்றனர்.

தமிழில் கூலி என்பது உழைப்பின் ஊதியம். ஆளைச் சுட்டக் கூலியாள் என்போம். 619ஆம் குறளிலும் அது முயற்சியின் பயனே. ஆங்கில வழக்கிலோ ஊதியத்தின் பெயர் ஆளுக்கு ஆயிற்று. ஆகுபெயர் இலக்கணத்தில் குற்றமன்று. வரலாற்றில் அது கொடுமையாயிற்று. 1860இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பலில் நேட்டால் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்மீது இப்பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அங்கே இந்திய வணிகரும் கூலியாயினர். 1893இல் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார்.

மொரீசியசின் 'கூலி காட்' 1987இல், குடிபெயர்ந்தோர் துறை என்று பொருள்படும் 'ஆப்பிரவாசி காட்' ஆயிற்று. 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. நம் நாட்டிலும் இரயில் நிலையச் சுமை தூக்குவோர் இனிச் 'சகாயக்' எனப்படுவர் என 2016இல் அறிவிக்கப்பட்டது.

பெயர் மாறியது நன்றே. ஆயினும், உழைத்தவர்க்கு உரிய கூலி தவறாது சேரும் நாளிலேதான் இச்சொல் தன் பழம்பொருளை மீட்டுக்கொள்ளும்.