தேனீப் பிசின்

மொட்டுகளிலும் பட்டையிலும் கசியும் பிசினை மெழுகோடு பிசைந்து, கூட்டின் விரிசல்களை அடைக்கத் தேனீக்கள் பயன்படுத்தும் ஒட்டுப்பொருள். புரோபோலிஸ் என்றும் பெயர். வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும். நிறமும் மணமும் மரத்துக்கு மரம் மாறும். பெட்டிச் சட்டங்களை இது ஒட்டிவிடுவது இத்தாலியத் தேனீ வளர்ப்போருக்குத் தீராத தொல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தெற்கே எழும் ஜவ்வாது மலை தேனுக்குப் பெயர்போனது. ஆனால் அங்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீயிடம் பிசினைத் தேடுவது வீண். அது பெரும்பாலும் மெழுகாலேயே சமாளித்துக்கொள்ளும். உண்மையான பிசின்காரி கொடுக்கில்லாத கொசுத் தேனீதான். 1854இல் ஸ்மித் என்ற பூச்சியியலாளர் விவரித்த இனம் இது. பழைய சுவர்ப் பொந்திலும் மரப்பொந்திலும் குடியிருக்கும். பின்னங்காலில் பிசின் உருண்டையைச் சுமந்து வந்து, மெழுகு கலந்து தேன்குடங்களைக் கட்டும். வாசலில் சிறு குழாய் நீட்டும். குழாயின் விளிம்பு பிசுபிசுப்பாக இருப்பதால் எறும்பு உள்ளே நுழையத் திணறும். கொடுக்கில்லாத பூச்சிக்கு இதைவிட நல்ல காவல் ஏது!

பிசினுக்கு நுண்ணுயிர்களைத் தடுக்கும் தன்மை உண்டு. சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும்; மருத்துவரைக் கேட்காமல் புண்ணில் பூச வேண்டாம்.