கேமராவுக்குப் பின்னால் பெண்கள்: தோள் கொடுப்பது யார்?

பெரிய ஸ்டூடியோவோ தொலைக்காட்சி நிலையமோ முழுப் பணத்தையும் போடாமல், இயக்குநரும் அவருடைய குழுவினரும் தாங்களே பணம் திரட்டி எடுக்கும் படத்தைச் சுயாதீனத் திரைப்படம் என்கிறோம். டிஜிட்டல் கேமரா மலிவான பிறகு, 2000ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் இத்தகைய படங்கள் பெருகின. அவற்றில் அனைத்துலக விழாக்களில் பேசப்பட்ட சில படங்களை எடுத்தவர்கள் பெண்கள். ஆனால், இந்நாட்டில் முழுநீளத் தமிழ்ப் படம் இயக்கிய பெண்கள் மிகச் சிலரே. இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. பணமும் வாய்ப்பும் எந்த வழியாக வருகின்றன என்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

பாதை போட்டவர்கள்

விளம்பரத் துறையிலிருந்து வந்த யாஸ்மின் அஹ்மாட், பெருநாள் கால பெட்ரோனாஸ் விளம்பரங்களால் வீடுதோறும் அறிமுகமானவர். அவருடைய 'செப்பெட்' 2005ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. 2009இல் வெளிவந்த 'டேலண்டைம்' படத்தில் ஓர் இந்தியக் குடும்பத்தின் துயரையும் பிடிவாதத்தையும் நேர்மையாகக் காட்டினார். அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

பகாங் மாநிலம் குவாந்தானுக்கு அருகிலுள்ள சுங்கை உலார் என்ற சிற்றூரில் பிறந்தவர் டான் சுய் முய். 2005இல் மூன்று நண்பர்களுடன் சேர்ந்து டா ஹுவாங் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்வது அவர்கள் வழக்கம். அவருடைய முதல் முழுநீளப் படமான 'லவ் கான்கர்ஸ் ஆல்' பூசான், ரோட்டர்டாம் ஆகிய இரு திரைப்பட விழாக்களிலும் விருது பெற்றது. 2021இல் வந்த 'பார்பேரியன் இன்வேஷன்', பிள்ளை பெற்று, மணமுறிவுக்குப் பின் மீண்டும் நடிக்க வரும் ஒரு தாயின் கதை. முதன்மைப் பாத்திரத்தில் அவரே நடித்தார். ஷாங்காய் விழாவில் அப்படத்திற்கு நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது.

2023இல் அமண்டா நெல் யூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதன்மைப் பரிசை வென்றது. பருவமடையும் ஒரு மாணவியின் உடலும் மனமும் மாறுவதைச் சொல்லும் படம் அது.

தமிழில் விமலா பெருமாள் 'வெட்டி பசங்க' (2014), 'வெடிகுண்டு பசங்க' (2018) ஆகிய படங்களை இயக்கித் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தார். குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் வெகுஜனப் படத்தையும் ஒரு பெண்ணால் இங்கேயே எடுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

பணம் எப்படித் திரள்கிறது?

ஒரு படத்துக்குப் பணம் ஒரே மூட்டையாக வருவதில்லை. கதை எழுத, படப்பிடிப்பு நடத்த, படத்தொகுப்பும் ஒலியும் முடிக்க, திரையிட என ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே பணம் தேட வேண்டும். உள்நாட்டில் 1981இல் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் முதல் கதவு. வெளிநாட்டில், ரோட்டர்டாம் விழாவோடு இணைந்த ஹுபர்ட் பால்ஸ் நிதி போன்றவை ஆசிய இயக்குநர்களுக்கு உதவுகின்றன. இவை போதாதபோது பல நாட்டுத் தயாரிப்பாளர்கள் கூட்டுச் சேர்கிறார்கள். 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' எட்டு நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு.

எங்கே தடுக்கிறது?

முதல் தடை, 'இதற்கு முன் என்ன படம் எடுத்தீர்கள்?' என்ற கேள்வி. முதல் படத்துக்கே பணம் இல்லாதவரிடம் அனுபவச் சான்று கேட்கப்படுகிறது. துணை இயக்குநராக ஐந்தாறு படங்களில் உழைத்தால் அந்தச் சான்று கிடைக்கும். ஆனால், இரவுப் படப்பிடிப்பு, வெளியூர்த் தங்கல் என்றதும் பெண் பிள்ளையை அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வருவது அதைவிடக் கடினம்.

இரண்டாவது, மொழி. ஒரு காலத்தில் மலாய் மொழியில் இல்லாத படங்கள் உள்ளூர்ப் படத்திற்கான சலுகைகளைப் பெறச் சிரமப்பட்டன. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரிப் பிரிவு பெரும் சர்ச்சையானது. பிரிவுகள் மாற்றப்பட்ட பின்னரே தமிழ்ப் படமான 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமானது. தமிழில் எடுக்க நினைக்கும் பெண்ணுக்கு இந்தத் தடையும் சேர்ந்தே வந்தது.

மூன்றாவது, தணிக்கை. 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' இங்கே வெட்டப்பட்டு வெளியானபோது, அந்த வடிவம் தன் படமல்ல என்று இயக்குநர் வெளிப்படையாகவே கூறினார். பெண் உடலைப் பற்றிப் பெண்ணே பேசினாலும் கத்திரி விழுகிறது என்பதே அதன் பாடம்.

கேரளம் செய்தது

கேரள மாநிலத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறது. திரைக்கதைகளை வரவழைத்து, தேர்வானவற்றுக்கு ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஒதுக்கி, கழகமே தயாரிக்கிறது. 'நிஷித்தோ', 'பி 32 முதல் 44 வரை' ஆகிய படங்கள் அப்படி வந்தவை. பழைய படப் பட்டியலைக் கேட்காமல் எழுதிய கதையைப் பார்ப்பதுதான் இத்திட்டத்தின் உயிர். நம் நாட்டிலும், சிறு தொகையாக இருந்தாலும், முதல் படம் எடுக்கும் பெண்களுக்கென ஓர் ஒதுக்கீடு இருந்தால் பலருக்குக் கதவு திறக்கும்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் படம் வெளியாகும் முதல் வார இறுதியிலேயே டிக்கெட் வாங்குங்கள். கூட்டம் இல்லாத படத்தின் காட்சிகளைத் திரையரங்குகள் திங்கட்கிழமையே குறைக்கத் தொடங்கிவிடும். ஆலய மண்டபம், தமிழ்ப்பள்ளி, இளைஞர் இயக்கம் ஆகியவை குறும்படத் திரையிடலுக்கு இடம் தரலாம். படப்பிடிப்புக்கு வீட்டையோ வேனையோ ஒரு நாள் கொடுப்பதும், மதியச் சாப்பாடு போடுவதும் ரொக்க நன்கொடைக்குச் சமம். கல்லூரிக் குறும்படம் எடுக்கும் மகளிடம் 'இது எதுக்கு?' என்று கேட்பதற்கு முன், அவள் எடுத்ததை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.

2005இல் வந்த 'செம்மண் சாலை' படிக்கத் துடிக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதை. நல்ல படம், இயக்கியவர் தீபக் குமாரன் மேனன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கே வாழ்ந்த பாட்டிகளும் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். பால் மரம் சீவியவர்கள், பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவர்கள், பட்டணத்துக்கு வந்து தொழிற்சாலையில் நின்றவர்கள் என இவர்களுடைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களின் பேத்திகள். கேமரா அந்தப் பேத்திகளின் கைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும், சொல்ல ஆளில்லாமல் சில கதைகள் போய்விடுகின்றன.