சாடியும் எறும்புக் கிண்ணமும்: சிங்கப்பூர் இல்லங்களில் கொசுப் பெருக்கத்தின் வரலாறு

டெங்கிக் காய்ச்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்தே தொடங்குவர். அடுக்களையிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சிங்கப்பூரில் டெங்கி இரத்தக்கசிவுக் காய்ச்சல் 1960இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. பொதுக்குழாயை நம்பியிருந்த கம்பத்து வீட்டினர் அக்காலத்தில் சாடியிலும் தொட்டியிலும் பீப்பாயிலும் நீரைச் சேமித்தனர். வறியோரின் நீர்ச்சாடியே கொசுவின் பிறப்பிடம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால், சான்றுகள் வேறொன்றையும் காட்டுகின்றன.

1966 முதல் 1968 வரை நகரப் பகுதிகளில் சான் காய் லோக் குழுவினர் கொசுப்புழுக்களைக் கணக்கெடுத்தனர். 1971இல் வெளிவந்த அவர்தம் முடிவின்படி, ஏடிஸ் ஏஜிப்டி கொசு பெருகிய இடங்களுள் வீட்டுக்கு வெளியே மண்சாடி முதலிடம் பெற்றது. வீட்டுக்குள்ளோ எறும்புக் கிண்ணமே முதலிடம் பெற்றது. உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் நீரூற்றி வைக்கும் சிறு கிண்ணம் அது. பாட்டிமார் வீடுகளில் அதனைக் கண்டோர் நம்மிடையே இன்றும் உளர்.

சாடி நீரை நாள்தோறும் மொள்வர். கிண்ண நீரை எவரும் மொள்வதில்லை. வற்றினால் மேலே ஊற்றுவரேயன்றி, கனத்த அலமாரியைத் தூக்கிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுதல் அரிது. இக்கொசுவோ நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் முட்டையிடுவது. அம்முட்டை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும் உயிர் தாங்கும். நீர் தொட்டதும் பொரிக்கும். எறும்பைத் தடுக்க ஊற்றிய நீரே கொசுவை எழுப்பிற்று எனலாம்.

புறம்போக்குக் குடிசைகளிலும் கடைவீடுகளிலும் மிகுந்திருந்த இக்கொசு, அடுக்குமாடி வீடுகளில் குறைவாகவே காணப்பட்டது. 1968இல் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. குடிமக்கள் அடுக்குமாடிகளில் குடியேறினர். எழுபதுகளில் கொசுப்புழு காணப்பட்ட வீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தன.

எனினும் 1986 முதல் நோய் மீண்டும் பெருகலாயிற்று. 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். நோய் குறைந்திருந்த காலத்தில் வளர்ந்தோரிடம் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தமை இதற்கு ஆய்வாளர் கூறும் ஒரு காரணம். வீட்டுக் கலங்களும் மாறியிருந்தன. சாடியும் எறும்புக் கிண்ணமும் மறைந்த இல்லங்களில் பூச்சாடி, செடித்தொட்டியின் அடித்தட்டு, துணி உலர்த்தும் கழிகளைச் செருகும் குழாய் ஆகியன கொசுவுக்கு இடமளித்தன. இவற்றுள் எதுவும் குடிநீர்ப் பற்றாக்குறையால் வந்ததன்று. கழிக்குழாயை நிரப்பியது மழைநீரே.