சிறுமூளையில் நார்எபிநெஃப்ரின்

பரிவு நரம்புகளின் கடத்தி நார்எபிநெஃப்ரின்தான் என்று ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946-இல் நிறுவினார். அது மூளைக்குள்ளும் உண்டு, இரத்தக் குழாய் நரம்புகளின் மிச்சம் அல்ல என்பதை 1954-இல் மார்த்தே வோக்ட் காட்டினார். எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை 1964-இல் கிடைத்தது. உலர்த்திய மூளைத் திசுவை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்து, பச்சையாக ஒளிரும் செல்களை டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேயும் வரைபடமாக்கினர். அவர்கள் ஏ6 என்று குறியிட்ட தொகுதி மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ். எலியில் பக்கத்துக்குச் சுமார் 1,500 செல்களே. அவற்றின் இழைகளோ பெருமூளைப் புறணி முதல் சிறுமூளை வரை பரவுகின்றன. பாசி இழை, ஏறு இழை என்ற இரண்டோடு சிறுமூளைக்கு மூன்றாவது உள்வரவு சேர்ந்தது.

அந்த இழைகள் என்ன செய்கின்றன? வாஷிங்டனில் சிகின்ஸ், ஹாஃபர், புளூம் மூவரும் பல குழல் கொண்ட நுண் கண்ணாடிக் குழாயை, சிறுமூளைப் புறணியின் வெளியீட்டு நரம்பு செல்லான பர்கின்ஜி செல்லின் அருகே இறக்கினர். ஒரு குழல் செல்லின் துடிப்பைப் பதிந்தது. மற்றொன்றில் சிறு மின்னோட்டம் செலுத்தி மருந்தை வெளியேற்றினர். நார்எபிநெஃப்ரின் பட்டதும் செல்லின் தன்னியல்பான துடிப்பு மெதுவானது. பீட்டா ஏற்பியும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியும் இதற்குக் காரணம் என்றனர். லோகஸ் செருலியஸைத் தூண்டியபோதும் அதே விளைவு. ஆக, நார்எபிநெஃப்ரின் ஒரு தடுப்பான் என்று முடிவானது.

முடிவு அவசரமானது. 1977 முதல் டெக்சாஸில் உட்வர்டு குழுவினர், செல் தானாகத் துடிப்பதை மட்டும் பாராமல், பாசி இழை, ஏறு இழை வழியே செய்தி வரும்போது என்ன நடக்கிறது என்றும் அளந்தனர். பின்னணித் துடிப்பு குறைந்த அளவுக்குச் செய்திக்கான பதில் குறையவில்லை; ஒப்பளவில் அது துலங்கியது. தடுப்புக் கடத்தியான காபாவின் விளைவும் வலுத்தது. நார்எபிநெஃப்ரின் தானாகச் செய்தி எதையும் சொல்வதில்லை, பிற செய்திகள் கேட்கும் விதத்தை மாற்றுகிறது என்ற கருத்து இங்கிருந்தே வேரூன்றியது. இத்துறையின் உண்மையான திருப்பம் இதுதான் எனலாம்.

கற்றலோடு நார்எபிநெஃப்ரினைப் பிணைத்தவர் பீட்டர் கில்பர்ட். சிறுமூளையில் அசைவின் நினைவு நிலைபெற நார்எபிநெஃப்ரின் உதவக்கூடும் என 1975-இல் ஊகித்தார். சோதனைகள் பின்னர் வந்தன: 1983-இல், கேட்டகோலமைன்கள் (நார்எபிநெஃப்ரின் அடங்கிய வேதிக் குடும்பம்) நீக்கப்பட்ட பூனைகளில், பார்வை மாற்றத்துக்கேற்ப விழி அனிச்சை தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் குன்றியிருந்தது; 1984-இல், சிறுமூளையில் நார்எபிநெஃப்ரின் குறைந்த எலிகள் புதிய நடைப் பணிகளைக் கற்கத் திணறின.

இந்த ஆய்வுகளிலெல்லாம் நரம்பு செல்லே கதாநாயகன். சுண்டெலிகளில் 2014-இல் வெளியான ஆய்வு, நார்எபிநெஃப்ரின் ஆல்ஃபா-1 ஏற்பி வழியே, நரம்பு செல் அல்லாத துணை செல்களான பெர்க்மன் கிளியாவில் கால்சியத்தை உயர்த்துவதைக் காட்டியது. மன அழுத்தம் வந்தால் தடுமாற்றம் தாக்கும் இரண்டாம் வகை இடைவிட்ட அடாக்சியாவிலும், நோயின் சுண்டெலி மாதிரியில், பர்கின்ஜி செல்லிலுள்ள அதே வகை ஆல்ஃபா-1 ஏற்பியே தாக்குதலைத் தொடங்கிவைக்கிறது.