ஒரே அடி, இரண்டு வைத்தியம்

நவம்பர் 25, 1973. ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க்கின் ரோடுகளில் கார் ஓடவில்லை. ஜனங்கள் சைக்கிளில் போனார்கள், நடந்து போனார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பாக்களுக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது.

கலவரமோ ஊரடங்கோ இல்லை. பெட்ரோல் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கார் எடுக்கக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

அக்டோபரில் இஸ்ரேலோடு எகிப்தும் சிரியாவும் மோதிக்கொண்டதில், அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகிவிட்டன. ஒரு பேரல் மூன்று டாலர் சொச்சம் இருந்தது, சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. அடி எல்லோருக்கும்தான். ஆனால் டென்மார்க்குக்கு உயிர்நாடியில் விழுந்தது. அந்த நாட்டின் எரிசக்தியில் 90 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெய். பிரான்ஸும் தேவையில் சுமார் முக்கால் பங்கை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரே அடி. ஆனால் இரண்டு பேரும் இரண்டு வைத்தியரிடம் போனார்கள். அணுவா, காற்றா என்று இன்றைக்கும் டீக்கடை முதல் பார்லிமென்ட் வரை மண்டை உடைத்துக்கொள்கிறோமே, அதற்கு இந்த இரண்டு நாடுகளின் ஐம்பது வருட கதையைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் பிரான்ஸ்.

மார்ச் 1974. பிரதமர் பியர் மெஸ்மர் டெலிவிஷனில் வந்தார். அணு உலை கட்டப்போகிறோம், இரண்டு வருடத்தில் பதின்மூன்று உலைகளுக்கு வேலை ஆரம்பம் என்றார். பார்லிமென்டில் விவாதம்? இல்லை. ஜனங்களிடம் கேட்டார்களா? அதுவும் இல்லை. மின்சார வாரியமான ஈ.டி.எஃப்.பின் இன்ஜினீயர்கள் திட்டம் போட்டார்கள், அரசாங்கம் தலையாட்டியது, வேலை தொடங்கிவிட்டது.

சாமர்த்தியம் எங்கே என்றால், ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் லைசென்ஸை வாங்கி, 900 மெகாவாட் உலைகளை மட்டும் முப்பத்து நான்கு. அப்புறம் கொஞ்சம் பெரிய சைஸில் இருபது. அதைவிடப் பெரிசாக நான்கு. மொத்தம் 58. இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற மாதிரி. 1990 வாக்கில் பிரான்ஸின் மின்சாரத்தில் முக்கால் பங்கு அணுவிலிருந்து. புகை இல்லை, கரி இல்லை.

எதிர்ப்பு இல்லாமலா? 1977-ல் க்ரேய்ஸ்-மால்வீல் என்ற இடத்தில் பெரிய ஆர்ப்பாட்டம். போலீஸோடு மோதல், ஒரு இளைஞர் இறந்தே போனார். 1980-ல் பிளோகாஃப் என்ற கடலோர கிராமத்தில் ஊரே திரண்டு நின்றது. மறு வருடம் ஜனாதிபதியான மித்தரான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். மற்றவை பெரும்பாலும் எழும்பின.

இப்போது டென்மார்க்.

இதில் ஒரு வேடிக்கை. அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்கு விளக்கிய நீல்ஸ் போர் பிறந்த ஊர் அது. அவருடைய முயற்சியில் ரீஸோ என்ற இடத்தில் அணு ஆராய்ச்சிக்கூடமே 1958-ல் திறந்தாயிற்று. மின்சார கம்பெனிகளும் அணு உலைக்குத் திட்டத்தோடு தயார். நியாயமாகப் பார்த்தால் பிரான்ஸ் வழியில்தான் போயிருக்கவேண்டும்.

போகவில்லை. காரணம், அங்கே கேள்வி கேட்டார்கள். கழிவை எங்கே வைப்பீர்கள்? விபத்து என்றால் எங்கே ஓடுவது? நாடே கையகலம். 1975-ல் ஆனா லுண்ட் என்ற இளம்பெண், சிரிக்கிற சூரியன் படம் ஒன்று வரைந்தார். சுற்றிலும் 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி' என்று மரியாதையான வாசகம். பேட்ஜ் சட்டையில் ஏறியது, பல மொழிகளில் உலகம் சுற்றியது. கடைசியில் மார்ச் 1985-ல், செர்னோபில் வெடிப்பதற்கு ஒரு வருடம் முன்பே, டென்மார்க் பார்லிமென்ட் அணுசக்தியைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது.

வேண்டாம் என்றால் போதுமா? கரன்ட்?

அங்கேதான் தச்சரும் கொல்லரும் வருகிறார்கள். நிஜமாகவே. யோஹானஸ் யூல் என்ற இன்ஜினீயர் 1957-ல் கெட்சரில் நிறுவிய மூன்று இறக்கைக் காற்றாலை, பத்து வருடம் ஓடி ஓய்ந்திருந்தது. அதைப் பார்த்து, கிறிஸ்டியான் ரீசாகர் என்ற தச்சர் 22 கிலோவாட்டுக்கு ஒன்று செய்தார். உல்ஃபோர்க் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் பிள்ளைகளும் சேர்ந்து, 1978-ல் 2 மெகாவாட் காற்றாலையையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிசு. கார்ல் எரிக் யோர்கன்சன் என்ற கொல்லரும் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் உருவாக்கிய டிசைனை 1979-ல் வெஸ்டாஸ் வாங்கியது. அதுவரை விவசாயக் கருவிகளும் கிரேனும் விற்ற கம்பெனி.

அதே வருடம் அரசாங்கம் காற்றாலைக்கு 30 சதவிகித மானியம் அறிவித்தது. ஒரு நிபந்தனை. பரிசோதனையில் பாஸாகவேண்டும். யார் பரிசோதிப்பது? ரீஸோ! அணுவுக்காகக் கட்டிய அதே ஆராய்ச்சிக்கூடம்தான்.

நான் படித்தது பி.காம். அணுவைப் பிளக்கிற சமாசாரத்தை ஃபிசிக்ஸ்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். கணக்கு மட்டும் சொல்கிறேன். எண்ணெயில் கரன்ட் எடுப்பது, வாடகை வீட்டில் இருப்பது மாதிரி. முதல் குறைவு, மாசா மாசம் கொடுக்கவேண்டும், வீட்டுக்காரர் நினைத்தால் ஏற்றுவார். அணுவும் காற்றும் சொந்த வீடு. பணம் முழுக்க முதலிலேயே கொட்டவேண்டும். அப்புறம் எரிபொருள் செலவு அணுவுக்குக் கொஞ்சம், காற்றுக்குச் சுத்தமாக இல்லை. அந்த வகையில் இரண்டும் ஒரே ஜாதிதான். ஆனால் அணு உலை ஒரே மூச்சில் கட்டவேண்டிய பங்களா. காற்றாலையை ஒவ்வொரு ரூமாகக் கட்டிக்கொண்டு போகலாம். அதனால்தான் டென்மார்க்கில் சாதாரணக் குடும்பங்களே கூட்டுறவு சேர்ந்து பங்கு வாங்கின. 2000 வாக்கில் அப்படி ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள்.

சரி, ஜெயித்தது யார்?

அவசரப்படாதீர்கள். இரண்டு பேர் கணக்கிலும் மறைவாக ஒரு வரி உண்டு.

டென்மார்க், காற்றாலை வளரும்வரை எதை எரித்தது தெரியுமா? நிலக்கரி. 1990-ல் அதன் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலக்கரிதான். அதே வருடம் பிரான்ஸில் முக்கால் பங்கு புகையில்லாத கரன்ட். அணுவுக்குச் சொன்ன 'வேண்டாம், நன்றி'யின் விலை அந்தக் கரிப்புகை. காற்று பாதியைத் தாண்டியது 2020-களில்தான். நாற்பது வருடத்துக்கும் மேலான பொறுமை.

காற்று அடிக்காத ராத்திரி? 1976-77லேயே கடலுக்கடியில் நார்வேக்குக் கேபிள் போட்டுவிட்டார்கள். இங்கே காற்று அடித்தால் அங்கே அனுப்புவார்கள், நார்வே அணைத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். காற்று நின்றால் அணையைத் திறந்து கரன்ட் திரும்பி வரும். அண்டை வீட்டு அணைதான் டென்மார்க்கின் பேட்டரி. ஸ்வீடனிலிருந்தும் வாங்குகிறார்கள். அதில் அணு மின்சாரமும் உண்டு! கோபன்ஹேகனுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்வீடனின் பார்செபெக் அணு உலைகளை மூடு மூடு என்று போராடி, 2005-ல் கடைசி உலையும் மூடப்பட்டது. ஆனால் கம்பியில் வருகிற கரன்டில் ஜாதி பார்க்க முடியாதே.

பிரான்ஸின் வரி வேறு மாதிரி. ஒன்றாகக் கட்டியவை ஒன்றாகவே வயசாகின்றன. 2021 கடைசியில் ஓர் உலையின் குழாயில் விரிசல் தெரிந்தது. ஒரே டிசைன் இல்லையா, மற்றதையும் நிறுத்திப் பார்க்கவேண்டியதாயிற்று. பராமரிப்பு வேலையும் சேர்ந்துகொள்ள, 2022-ல் ஒரு கட்டத்தில் 56 உலைகளில் பாதிக்கு மேல் ஓடவில்லை. உக்ரைன் போரில் எரிவாயு விலை எகிறிய அதே வருடம். மின்சாரம் விற்றுப் பழகிய பிரான்ஸ், நாற்பது வருடத்துக்குப் பிறகு வாங்குகிற நாடானது. இட்லித் தட்டின் லாபமே நஷ்டமாகத் திரும்பிய வருடம்.

புதிய பங்களா கதை இன்னும் சோகம். ஃப்ளாமன்வீலில் 2007-ல் ஆரம்பித்த உலைக்குப் போட்ட மதிப்பீடு 330 கோடி யூரோ, முடிக்கவேண்டியது 2012. கரன்ட் கொடுக்க ஆரம்பித்தது டிசம்பர் 2024-ல். ஈ.டி.எஃப். சொன்ன செலவு 1,320 கோடி யூரோ. ஐம்பத்தெட்டு கட்டிய கைக்கு ஐம்பத்தொன்பதாவது ஏன் இத்தனை கஷ்டம்? நடுவில் பல வருடம் எதுவும் கட்டவில்லை. கொத்தனாரும் வெல்டரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். கைப்பழக்கம் போய்விட்டது. இது போக, ஆயிரக்கணக்கான வருடம் காவல் வேண்டிய கழிவு. அதைப் பேரன் பேத்திகள் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாருங்கள். 1991-லேயே கடலுக்குள் காற்றாலைப் பண்ணை வைத்தது டென்மார்க். பிரான்ஸ் தன் முதல் கடல் காற்றாலைப் பண்ணையைத் திறந்தது 2022-ல். மறுபக்கம், 1985-ல் அணுவுக்குக் கதவைச் சாத்திய டென்மார்க், 2025-ல் நவீன சின்ன அணு உலைகளைப் பற்றி ஆராயப்போவதாக அறிவித்தது. ஐம்பது வருடம் கழித்து ஒருவர் வீட்டு ஜன்னலை இன்னொருவர் எட்டிப் பார்க்கிறார்கள்.

நம்மூரில் முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போயிருப்பீர்கள். அங்கே சுழலும் மூன்று இறக்கை யூலும் ரீசாகரும் போட்ட வழிதான். கொஞ்ச தூரத்தில் கூடங்குளம். மே முதல் செப்டம்பர் வரை காற்று கொட்டும், அப்புறம் ஓய்ந்துவிடும். கூப்பிட்டால் கரன்ட் அனுப்ப நமக்குப் பக்கத்தில் நார்வே இல்லை.

அடுத்த தடவை யாராவது அணுதான் ஒரே வழி, காற்றுதான் ஒரே வழி என்று அடித்துப் பேசினால், அணுக்காரரிடம் கேளுங்கள்: தாமதமானால் வட்டி யார் கட்டுவது, கழிவுக்கு யார் பொறுப்பு? காற்றுக்காரரிடம் கேளுங்கள்: காற்று நின்ற ராத்திரி எங்கிருந்து கரன்ட் வரும், அதுவரை எதை எரிப்பீர்கள்? பதில் நேராக வந்தால் மேலே பேசலாம்.